அந்தமானில் அம்மாவும் 42 கால் பூரானும்!

சொந்த ஊர் அந்தமான் என்று சொன்னால் போதும், ஆபீஸில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். நீலக் கடல், ஸ்கூபா டைவிங், ஹேவ்லாக் பீச், ஹனிமூன் பேக்கேஜ் என்று வரிசையாகக் கேட்பார்கள். "உங்க வீட்டுல பூரான் எவ்வளவு நீளம் வரும்?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. தீவில் குடியிருப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதில்: ஒரு ஜாண்.

எங்கள் வீடு போர்ட் பிளேரில், கராச்சர்மா பக்கம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு இன்னும் போர்ட் பிளேர்தான். தாத்தா ராமநாதபுரத்துக்காரர். 1960-களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி, மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டே போய் இறங்கியவர். 1883-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய சாத்தம் மர ஆலையில் அவருக்கு வேலை கிடைத்தது. படாக் மரத்தூண், பலகைச் சுவர், தகரக் கூரை என்று அவர் கட்டிய வீடு அது. பின்னாளில் அப்பா முன்பக்கம் இரண்டு சிமென்ட் அறைகளைச் சேர்த்தார். அடுப்படியும் பின்கட்டும் இன்றும் தாத்தா காலத்துப் பலகைதான்.

அப்பா இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அண்ணன் பெங்களூரில், நான் சென்னையில். "அம்மா தனியா இருக்காங்க" என்று நாங்கள் சொல்வோம். அம்மா சிரிப்பார். "தனியாவா? எண்ணிப் பாரு, ஐந்நூறு உருப்படி இருக்கு இந்த வீட்டுல!"

அந்த ஐந்நூறில் ஒன்று, போன ஜூன் மாதம் அவரைக் கடித்துவிட்டது.

ராத்திரி 2 மணிக்கு

அங்கே மே மாதம் பிடிக்கிற மழை, இரண்டு பருவக்காற்றையும் சேர்த்து டிசம்பர் வரை இழுக்கும். வருடத்துக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர். சென்னையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வெளியே மண் நிறைந்து தண்ணீர் நின்றால், தரைக்குள் இருப்பவை எல்லாம் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் ஏறும். பூரான் முதல் வரிசையில் வரும்.

ராத்திரி 2 மணிக்கு பாத்ரூம் போக எழுந்த அம்மா, கட்டிலடியில் கிடந்த செருப்பில் கால் நுழைத்திருக்கிறார். இடது கால் கட்டைவிரலில் நெருப்பு வைத்த மாதிரி ஒரு கடி.

பூரான் வாயால் கடிப்பதில்லை. தலைக்குக் கீழே இருக்கும் முதல் ஜோடிக் கால்கள்தான் விஷக் கொடுக்காக மாறியிருக்கின்றன. அதுபோக நடப்பதற்கு 21 ஜோடிக் கால்கள், அதாவது 42. ஊரில் 'கன்கஜூரா' என்று இந்தியில் சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். அம்மா போட்ட கத்தலும் இந்தியில்தான் இருந்ததாம்.

பக்கத்து வீட்டு வங்காளி மாசி ஓடிவந்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை முக்கி வைத்திருக்கிறார். பூரான் கடியின் வலியை வெந்நீர் குறைக்கும். மாசியின் மகன் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, டி.டி. ஊசியும் வலிக்கு மருந்தும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கணுக்கால் வரை வீங்கி, மூன்று நாள் செருப்பே போட முடியவில்லை.

பூரான் கடியில் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வராது. ஆனால், மூச்சுத் திணறலோ, உடம்பு முழுக்கத் தடிப்போ, மயக்கமோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. குழந்தைகள், வயதானவர்கள் என்றால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

இதெல்லாம் மறுநாள் காலை 9 மணிக்குத்தான் எனக்குத் தெரியும். "ராத்திரி போன் பண்ணியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? 1,300 கிலோமீட்டருக்கு மேல நீந்தி வந்திருப்பியா?" என்றார் அம்மா. அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டான். "போதும். வீட்டை வித்துட்டு அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம்." பேசி முடிவெடுக்க என்னை அனுப்பினான். பன்னிரண்டு நாள் லீவில் போனேன்.

விடு, விரட்டு, அடி!

அம்மாவிடம் மூன்றே சட்டங்கள்தான். வீட்டுக்குள் எது வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கும்.

முதல் சட்டம், 'விடு'. இதில் முதலிடம் பச்சைப் பல்லிக்கு. கிளிப்பச்சை உடம்பில் சிவப்புப் புள்ளிகளோடு, பொம்மைக் கடையிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும். நம் ஊர்ப் பல்லி ராத்திரிக்காரர். இது பகலில் உலாவும். பூச்சியோடு பூந்தேனும் குடிக்கும் என்பதால் இனிப்பென்றால் உயிர். டீ போடும் நேரம் பார்த்து, சிந்திய சர்க்கரையை நக்க மேடைக்கு வரும். அந்தமானுக்கே உரிய இனம் இது. இதன் நெருங்கிய சொந்தங்கள் இந்தியப் பெருங்கடலின் அந்தக் கோடியில், மடகாஸ்கரில் இருக்கின்றன.

போன வருடம் சென்னை வந்தபோது அம்மா காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இரண்டையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். ஆனால், பச்சைப் பல்லி தோளில் விழுந்தால் என்ன செய்வது என்று இன்னும் குழப்பம்தான். "பஞ்சாங்கத்துல பச்சைக்குத் தனியா பலன் போடலையேடி!"

இரண்டாவது, 'விரட்டு'. எறும்பு, ஈசல், கரையான் எல்லாம் இதில் சேரும். சர்க்கரை டப்பா தண்ணீர்த் தட்டில் நிற்கும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பினால், வீட்டு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு வாசலில் மட்டும் ஒரு பல்பு எரியும். அத்தனையும் அங்கே போய்விடும். கரையானிடம் மட்டும் பேச்சுவார்த்தை பலிக்காது. தாத்தா நட்ட படாக் தூணை அது இத்தனை வருடங்களாகத் தொடவில்லை. படாக் வைரம் பாய்ந்த மரம். ஆனால், விலை குறைவு என்று வாங்கிய சுவர்ப் பலகைகளை மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

மூன்றாவது, 'அடி'. பூரான், கரப்பான், எலி, ஜப்பான் நத்தை.

கரப்பானுக்குச் செருப்பு. எலிக்குக் கூண்டு. எலி விஷயத்தில் மட்டும் அம்மா சிரிக்க மாட்டார். அவருக்குக் கல்யாணமான புதிதில், 1980-களின் கடைசியில், வடக்கு அந்தமானில் ஒரு மர்மக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் ரத்தம் கசிந்து ஆட்கள் இறந்தார்கள். 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர். லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல்தான் அது என்று பிறகுதான் தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில், காலில் காயத்தோடு நடந்தாலே தொற்றும் நோய். மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு விளையாடியதற்காக நானும் அண்ணனும் வாங்கிய அடிகளுக்குக் காரணம் இதுதான்.

போர் கொண்டுவந்த நத்தை

ஜப்பான் நத்தைக்கு உண்மையில் ஜப்பானோடு ரத்த சம்பந்தம் இல்லை. அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் 1945 வரை அந்தமானை ஜப்பான் ராணுவம் பிடித்து வைத்திருந்தது. அப்போது வந்து சேர்ந்ததுதான் இது. ராணுவம் போய்விட்டது, நத்தை போகவில்லை. உள்ளங்கையை நிறைக்கும் ஓடு. ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில். ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை. பகலில் பூந்தொட்டிக்கு அடியில் தூங்கும். ராத்திரி மழையில் கிளம்பி, அம்மா வைத்த பப்பாளிக் கன்று, கீரை, அவரை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று சுவரையும் சுரண்டித் தின்னும்!

இதை வெறுங்கையால் தொடவே கூடாது. மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழு இதன் உடம்பில் இருக்கலாம். கேரளத்திலும் இந்த நத்தை பெருகியிருக்கிறது என்பதால், தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவாமல் சமைக்கக் கூடாது. அம்மா கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, ராத்திரி டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீர் பக்கெட்டில் போடுவார். நான் இருந்த பன்னிரண்டு நாளில் ஏழு பக்கெட்.

ஒரு ராத்திரி பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "இதுவும் கப்பல்ல வந்ததுதான். நம்மளும் கப்பல்ல வந்தவங்கதான். எலியும் கரப்பானும்கூட எந்தக் கப்பல்லயோ வந்ததாத்தான் இருக்கும். பச்சைப் பல்லியும் பூரானும்தான் இந்த ஊர்க்காரங்க. அவங்க வீட்டுல நாம கூரை போட்டுருக்கோம்."

"எந்த ஓட்டைன்னு தெரியலையே..."

நடுவில் அண்ணன் ஏற்பாட்டில் பூச்சி மருந்து அடிப்பவர் ஒருவர் வந்தார். மொத்த வீட்டுக்கும் அடித்தால் ஆறு மாதத்துக்கு ஒன்றும் வராது என்றார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "மருந்து பட்ட கரப்பானை பல்லி தின்னும். பல்லி செத்தா, அப்புறம் கொசுவையும் பூச்சியையும் யாரு பிடிப்பா, நீங்களா வருவீங்க?" அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பத்தாவது நாள், கேட்க வந்ததைக் கேட்டேன்.

"சென்னைக்கு வந்துடும்மா. மூணாவது மாடி. பூரானெல்லாம் ஏறாது."

"அப்பா போனப்போ ஒரு மாசம் உன் ஃபிளாட்ல இருந்தேன்ல? அங்கயும் கரப்பான் வந்துச்சு. ஆனா, எந்த ஓட்டைலேருந்து வருதுன்னு எனக்குத் தெரியலையே... ராத்திரியெல்லாம் அதையே யோசிச்சுட்டுப் படுத்துருப்பேன். இங்க ஒவ்வொண்ணும் எங்க இருந்து வரும், எந்த மாசம் வரும், எப்ப போகும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும்தானே கடிச்சுது?"

கொஞ்ச நேரம் தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "ராத்திரி நான் எந்திரிச்சா, உங்கப்பாதான் முதல்ல எந்திரிச்சு லைட் போட்டு, என் செருப்பைத் தட்டி வைப்பாரு. முப்பது வருசமா நான் இருட்டுல கால் வச்சதே இல்ல. அந்தப் பழக்கம் இன்னும் போகல."

லைட் ஸ்விட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டிலிலிருந்து ஆறு எட்டு தூரம். அந்த ஆறு எட்டையும் அப்பா நடந்துகொண்டிருந்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

இப்போதைக்கு

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து கட்டில் தலைமாட்டில் ஒரு ஸ்விட்ச் வைத்தார். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம். தரையில் தொங்காதபடி கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுவது, செருப்பைத் தரையில் விடாமல் ஸ்டூலில் வைப்பது, பின்கட்டுக் கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, பாத்ரூம் ஜாலிக்கு வலை, சுவரோரம் அடுக்கியிருந்த விறகையும் பழைய பலகையையும் தோட்டத்துக் கோடிக்கு மாற்றியது என்று இரண்டு நாள் ஓடியது. மாசி வீட்டு நம்பர் அம்மாவின் போனில் முதல் பட்டனில் இருக்கிறது. எவ்வளவு ராத்திரி ஆனாலும் எனக்கும் ஒரு கால் பண்ண வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். கடலுக்கடியில் 2020-ல் சென்னையிலிருந்து கேபிள் வந்த பிறகு வீடியோ கால் ஓரளவு ஒழுங்காக வருகிறது. நீந்த வேண்டாம், முகத்தையாவது பார்க்கலாம்.

அண்ணன் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "அடுத்த தடவை மாசி ஊர்ல இல்லைன்னா?" என்கிறான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அம்மாவுக்கு வயது கூடும், மழை குறையாது, பூரானும் வரும். வீட்டை விற்பதா வேண்டாமா என்பதை அடுத்த மழைக்காலம் முடிந்து பேசலாம் என்று மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா அறிக்கை வாசித்தார். பாத்ரூம் பக்கம் விரல் நீளத்தில் ஒரு குட்டிப் பூரான், இடுக்கியால் பிடித்து வெந்நீரில் போட்டாயிற்று. நத்தை பாதி பக்கெட். பச்சைப் பல்லி இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை, அதுதான் கவலை.

"ஸ்விட்ச் போடுறியாம்மா?" என்று கேட்டேன்.

"போடுறேன். போட்டதும் முதல்ல செருப்பைத்தான் தட்டுறேன்" என்றார்.

மே மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும்போது, வாசல் பல்பைப் போட அங்கே நான் இருப்பேன்.