கழுதை யார்?

1/ பக்கவாதத்துக்கு அப்புறம் அப்பாவின் வலது கையில் சீட்டு நிக்கல. நெரவி வீட்டில் சாயங்காலம் ஆனா 'கழுதை' ஆடியே பழகினவர். அதனால பைத்தான்ல ஒரு கழுதை ஆட்டம் எழுதிக் கொடுத்தேன். படம் கிடையாது, கறுப்புத் திரை, பெரிய எழுத்து. இடது கையால் நம்பர் தட்டினா போதும். கூட அம்மாவும் கம்ப்யூட்டரும்.

2/ விதி தெரியும்ல? ஸ்பேடு இறங்கினா எல்லாரும் ஸ்பேடு போடணும். இல்லாதவர் வேற சீட்டால வெட்டலாம். ஸ்பேடுல பெருசு போட்டவர் மொத்தத்தையும் அள்ளணும்.

3/ ரெண்டாவது வாரம் அப்பா சொன்னார்: "வெட்டினது நான். சீட்டு எனக்கே வருதுப்பா." ஆடிப் பார்த்தேன், சரியாத்தான் இருந்தது. மறுநாளும் அதே புகார். ஞாபகம் தடுமாறுதோன்னு பயந்து நாள், தேதி, ஊர் எல்லாம் கேட்டேன். "நெரவி. ஏன், உனக்கு மறந்துடுச்சா?"

4/ அவர் சொன்ன ஆட்டத்தை மறுபடி வரவைக்க முடியல. 52 சீட்டைக் குலுக்கும் விதங்கள், 8-க்குப் பின்னால் 67 பூஜ்யம் போட்டா வர்ற அளவு. நானோ குலுக்கல், கீபோர்டு, திரை, விதி எல்லாத்தையும் ஒரே ஃபங்ஷன்ல போட்டுப் பிசைஞ்சிருந்தேன்.

5/ லேப்ல மெஷின் சரியான்னு பார்க்க, அளவு முன்கூட்டியே தெரிஞ்ச கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டுவோம். அதையே செஞ்சேன். விதிக்குத் தனி ஃபங்ஷன்: மேசையில் உள்ள சீட்டைக் கொடுத்தா, யார் அள்ளணும்னு மட்டும் சொல்லும். பிரிண்ட் பண்ணாது, யாரையும் கேட்காது. சீட்டுக்கட்டு வெளியிலிருந்து வரும்: ஆடும்போது குலுக்கினது, சோதிக்கும்போது நான் அடுக்கினது.

6/ அம்மா ஸ்பேடு 9, கம்ப்யூட்டர் ஸ்பேடு 4, அப்பா ஆட்டின் 3-ஆல் வெட்டுறார். விடை: அம்மா. சரி. அதே ஆட்டம், வெட்டுறது ஆட்டின் ராஜா. விடை: அப்பா. தப்பு! பெரிய சீட்டைத் தேடும்போது வெட்டின சீட்டையும் சேர்த்துட்டேன். சின்ன சீட்டால வெட்டினா இது வெளியவே தெரியாது.

7/ திருத்தம் ஒரே வரி. இப்ப கோடைத் தொடும்போதெல்லாம் அந்த ரெண்டு சோதனையும் ஓட்டிடுறேன். சோதிக்க வேண்டியது என் புரோகிராமை. நான் சோதிச்சது அப்பாவை. அதை அவர்கிட்டயே சொன்னேன்.

"அப்ப கழுதை நீதான்"னார்.