கல்லாவின் அருகே ஒரு நோட்டுப் புத்தகம்

கேமரன் மலையில் சிறு கடை வைத்திருப்போர் நிலைமை உங்களுக்குத் தெரியும். சனி, ஞாயிறு கூட்டம் நெரியும். திங்களன்று ஈ ஓட்டலாம். தேயிலைப் பொட்டலம் வாங்கிச் சென்றவர் எந்த ஊர்க்காரர் என்றே தெரியாது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பயணிகள் அடியோடு நின்றார்கள். சந்தைக்கு அனுப்ப முடியாமல் காய்கறிகளைக் கொட்டியவர்களும் உண்டு. பட்டணத்திலோ, காய்கறிக்கு ஆலாய்ப் பறந்தார்கள்!

அதன்பின் என் மாணவி ஒருத்தியின் தாயார் தம் தேயிலைக் கடைக் கல்லாவின் அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தார். விரும்புகிறவர் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதலாம். மாதம் ஒரு மடல் போகும்: புதிதாக வந்த தூள், தபால் செலவு, இங்கே மழையா மூடுபனியா என்பது. எழுதிக் கொடுப்பது அடியேன். கூலி, ஒரு கோப்பைத் தேநீர்.

பெயர்கள் மெதுவாகத்தான் சேர்ந்தன. முகவரிகளை மொத்தமாக விற்க ஒருவர் வந்தார், வேண்டாமென்றோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 முதல் நடப்பில் இருக்கிறது. சம்மதம் கேட்கச் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், அழையாமல் வீட்டுக்குள் நுழைபவரிடம் நீங்கள் சாமான் வாங்குவீர்களா?

சென்ற மாதம் ஈப்போவிலிருந்து ஓர் அம்மையார் பதில் எழுதியிருந்தார். இரண்டு பொட்டலம் வேண்டுமாம். பிள்ளை பரீட்சை எப்படி எழுதினாள் என்றும் கேட்டிருந்தார்.