மூன்று பெட்டி, ஒரே கட்டணம்

பனை ஓலைப் பெட்டிகளை ஆன்லைனில் விற்க எப்படித் திட்டம் போட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் பெருமையாக ஒரு கதை சொல்வேன். அதில் பாதி பொய். வெப்சைட் செய்துதர ஒப்புக்கொண்டவர் இழுத்தடித்தார். வேலையில்லாமல் இருந்த அந்த நாட்களில் தற்செயலாகத் தெரிந்துகொண்டவைதான் இன்று என் ‘திட்டம்’.

திருச்செந்தூர் பக்கம் எங்கள் ஊர். சாயம் ஏற்றிய ஓலையில் பெரியம்மா மூடி போட்ட பெட்டிகள் முடைவார். பொழுது போகாமல் அதில் ஒன்றை அட்டைப்பெட்டியில் கட்டி கூரியர் கடைக்கு எடுத்துப்போனேன். தராசில் அரைக் கிலோகூட இல்லை. கடைக்காரர் அதைச் சட்டை செய்யாமல் டேப்பை எடுத்தார். நீளம் 40 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 25. மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து, “ஆறு கிலோ சார்ஜ்” என்றார். வண்டியில் அடைக்கிற இடத்துக்குத்தான் காசாம். டெல்லிக்கு அனுப்பினால் பெட்டி விலையைவிடக் கூலி அதிகம்.

வீட்டில் வந்து புலம்பினேன். பெரியம்மா ஓலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “அத ஏன் தனியா அனுப்புத? சந்தைக்குக் கொண்டு போகையில ஒண்ணுக்குள்ள ஒண்ணப் போட்டுல்லா கொண்டு போவோம்!”

பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்றும் அதே அட்டைப்பெட்டிக்குள் அடங்கின. கட்டணம் அதே ஆறு கிலோவுக்குத்தான். தனிப்பெட்டி விற்பதில்லை, செட்தான் என்று அன்றைக்கே முடிவானது. வெப்சைட் சொன்ன தேதிக்கு வந்திருந்தால் ஒற்றைப் பெட்டிகளின் படமாக அடுக்கியிருப்பேன்.

கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம் என்பதும் கூரியர் கடையில் நின்று பார்த்து எடுத்த முடிவு. வாங்க மறுத்துத் திரும்பி வந்த பார்சல்கள் ஒரு மூலையில் கிடந்தன. போன கூலி, வந்த கூலி இரண்டும் விற்றவர் தலையில். முன்பணம் கட்டத் தயங்குபவர்கள் போய்விடுவார்கள்தான்; போகட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காய்ந்த பிறகுதான் பெட்டி கிளம்பும் என்பதை வெப்சைட்டில் விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தோம். பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்காரர்கள் ரீஃபண்ட் விதி, முகவரி எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இணைப்புத் தந்தார்கள். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பும் எனக்குத்தான்.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டொமைனை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். வெப்சைட் செய்து தருபவர் பெயரில் விடாதீர்கள். அவருக்கு முன்பணம் கொடுக்கும் முன், விற்கப்போகும் பொருளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு கூரியர் கடைக்கு ஒருமுறை போய் வாருங்கள்.