ஓசூர் முற்றத்தில் ஒரு நாரத்தை

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் பயணிகள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கிருஷ்ணகிரியை விட்டுப் புறப்படுகையில் சாலையின் இருமருங்கும் மாந்தோப்புகள். வெயிலோ உடலை வாட்டும். சூளகிரியைக் கடந்து மேடேற ஏறக் காற்றின் குணம் மாறும். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சென்று ஓசூரில் இறங்கும்போது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். அந்தி சாய்ந்தால் மெல்லிய குளிர். சற்று தொலைவில் ஜூஜூவாடி. அதற்கப்பால் அத்திப்பள்ளி, கர்நாடக மாநிலம்.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு எழுந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகள் வந்தன. அவற்றை நம்பித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் குடியேறினர். தலைமுறைகளாக இங்கு வாழும் உருது பேசும் குடும்பங்களுக்கு அருகே, தமிழ் பேசும் நம் சமுதாயக் குடும்பங்களும் வாழத் தொடங்கின. சிலர் இரண்டு மூன்று சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டினர். பலர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கின்றனர்.

குளிர்ந்த ஊர் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது கமலா ஆரஞ்சு. கடைகளில் குவிந்திருக்கும் பொன்னிறப் பழம் நம் முற்றத்திலும் காய்க்காதா என்னும் ஆசை இயல்பே. ஆனால் கன்று வாங்கும் முன் சற்றே நின்று சிந்திக்க வேண்டும், அன்பர்களே.

மஸ்ஊதி தரும் பாடம்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி, தம் ‘முரூஜுத் தஹப்’ நூலில் ஆரஞ்சு இனத்தின் பயணத்தைக் குறித்து வைத்துள்ளார். ஹிஜ்ரி 300க்குப் பின் இம்மரம் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு முதலில் உமானில் நடப்பட்டதாம். பின்னர் பஸரா, இராக், ஷாம் நாடுகளுக்குப் பரவியதாம். ஆனால் இந்தியாவில் அதற்கிருந்த நறுமணமும் நிறமும் அங்கே குன்றிவிட்டன என்கிறார் அவர். பிறந்த நாட்டின் காற்றும் மண்ணும் நீரும் அங்கே கிட்டாததே காரணம் என்பது அவர் முடிவு.

அரபியரின் ‘நாரஞ்ச்’ என்னும் சொல்லே ஐரோப்பாவில் ‘ஆரஞ்சு’ ஆயிற்று. அதன் வேர் நம் ‘நாரத்தை’யோடு உறவுடையது என மொழியறிஞர் பலர் கருதுவர். நம் கொல்லையின் காய் அரபு நாடு வழியாக உலகைச் சுற்றி வந்திருக்கிறது!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மஸ்ஊதி கண்ட உண்மையே இன்றும் நமக்கு வழிகாட்டி: விரும்பும் கனியை நடுவதைவிட, மண் விரும்பும் கனியை நடுவதே மேல்.

எந்த மண்ணுக்கு எந்தக் கன்று?

கமலா ஆரஞ்சு மலைப்பாங்கான இடங்களில் செழிப்பது. குடகில் காப்பித் தோட்டத்து நிழலிலும், கொடைக்கானலைச் சார்ந்த கீழ்ப்பழநி மலைகளிலும், ஏற்காட்டிலும் அது வளர்கிறது. ஓசூரின் உயரம் அதற்குப் போதும். ஆனால் குடகின் மழை ஓசூரைவிடச் சில மடங்கு மிகுதி. ஆகவே மரம் வளரும். குடகின் சுவையை அப்படியே எதிர்பார்க்கலாகாது. தோல் பொன்னிறம் பெற இரவுக் குளிர் கடுமையாக இருக்க வேண்டும். அது குறைந்த இடங்களில் பழுத்த பின்னும் தோலில் பசுமை மறையாது. நிறத்தைக் கண்டு பழத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் உடையோர் பம்ளிமாஸை எண்ணிப் பார்க்கலாம். திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளி, பெங்களூருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ளது. அவ்வூரின் பம்ளிமாஸ் ‘சக்கோதா’ என்னும் பெயரில் புகழ்பெற்று, புவிசார் குறியீடும் பெற்றது. அதுவும் நம்மைப் போன்ற மேட்டுநிலச் செம்மண் நாடே. பம்ளிமாஸ் விதையிலிருந்து தாய்மரத்தின் குணம் அப்படியே வருவதில்லை. ஆதலால் விண்பதியக் கன்றோ ஒட்டுக்கன்றோ வாங்குக. மரம் விரிந்து வளரும். இருபதடி இடம் வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் கொழுப்பிற்கும் மாத்திரை உண்போர், இப்பழம் சில மருந்துகளோடு ஒவ்வாது என்பதால் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

கீழே கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பகுதிகளில் வெப்பம் மிகுதி. அங்கே சாத்துக்குடியும் எலுமிச்சையும் ஏற்றவை. எலுமிச்சையில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 என்னும் இரகம் வீட்டுக்கும் நன்று. ரமளானில் நோன்பு துறக்கும் வேளையில் சர்பத்துக்கு எலுமிச்சை தேடிக் கடைக்கு ஓடும் இல்லங்களுக்கு, ஒரு மரம் பெரும் பரக்கத்.

மேட்டிலும் தாழ்விலும் ஒருங்கே வாழவல்லது நாரத்தை. ஊறுகாய்க்கும் உப்பிட்டு உலர்த்தவும் அதற்கு நிகர் அதுவே.

நடும் முறை

இரண்டடி நீள, அகல, ஆழக் குழி வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புக. பருவமழைக் காலமே நடவுக்கு உகந்தது. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாணாவது உயர்ந்திருக்க வேண்டும். அது புதைந்தால் அழுகல் நோய் பற்றும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனே கிள்ளி எறிக. அவை காட்டு எலுமிச்சையின் கிளைகள். விட்டால் நல்ல மரத்தை விழுங்கிவிடும்.

அடிமரத்தில் நீர் தேங்கலாகாது. கிளைகளின் நுனிக்கு நேர் கீழே வட்டப் பாத்தி கட்டி அங்கே நீர் பாய்ச்சுக. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை இவ்வினம் தாங்காது; மழைநீரைச் சேமித்தல் நலம். உளூச் செய்த நீரில் சோப்பு கலப்பதில்லை. அதை வாய்க்கால் வழியே மரத்தடிக்கு விடலாம். பள்ளிவாசல் ஹவுளின் கழிவுநீருக்கும் இதுவே நல்ல வழி.

இளந்தளிரில் பறவை எச்சம் போலத் தோன்றுவது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. கையால் பொறுக்கி அகற்றினால் போதும். நரம்பு பசுமையாக இருக்க இலை மஞ்சளித்தால் துத்தநாகக் குறை. ஒரு லிட்டர் நீரில் ஐந்து கிராம் துத்தநாக சல்பேட்டும், அதன் அமிலத்தன்மையைத் தணிக்கச் சிறிது சுண்ணாம்பும் கலந்து தெளிக்கலாம். ஐயம் எழுந்தால் காவேரிப்பட்டணம் அருகே பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

வாடகை வீட்டார் என்செய்வது?

நாளை காலி செய்யும் வீட்டில் மரம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு முதல் வழி தொட்டி. அடியில் துளையிட்ட பாதி டிரம்மில் எலுமிச்சையோ சிறு ஆரஞ்சோ வளரும். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் படும் மாடி போதும். வீடு மாறினால் மரமும் கூடவே வரும்.

இரண்டாம் வழி, வீட்டுக்காரரின் அனுமதியோடு மண்ணிலேயே நடுவது. பிறர் நிலம் அமானிதம், கேளாமல் நடலாகாது. அனுமதி கிடைத்துவிட்டால் தயங்க வேண்டாம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால், அது நட்டவருக்கு ஸதகாவாக அமைகிறது என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. உண்பவர் நம் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று பெருமானார் (ஸல்) நிபந்தனை விதிக்கவில்லை. அடுத்துக் குடிவருபவரின் நோன்புக் கோப்பையில் பிழியப்படும் எலுமிச்சையும் நம் கணக்கில் சேரும்.

குர்ஆன் ஓதும் முஃமினுக்கு அண்ணலார் காட்டிய உவமையும் இவ்வினத்துக் கனியே. அரபியில் ‘உத்ருஜ்ஜா’ எனப்படும் அது, நாரத்தைக்கு நெருங்கிய உறவான பெருங்காய். மணமும் இனிது, சுவையும் இனிது. வேலைக்காக ஊர் விட்டு வந்து எல்லையோரத்தில் வாழும் நாம், இருக்கும் இடத்திற்கு மணம் தருவோராக இருப்பதே அவ்வுவமைக்குச் செய்யும் மரியாதை.

அடுத்த மழைக்கு முன் குழியை வெட்டி வையுங்கள். மண்ணுக்கேற்ற கன்றைத் தேர்ந்து ‘பிஸ்மில்லாஹ்’ கூறி நடுங்கள். ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும், இன்ஷா அல்லாஹ்.