குவாதலூப் தீவில் மாரியம்மன்

ஐரோப்பாவில் புழங்கும் யூரோ நோட்டு ஒன்றின் பின்புறத்தைக் கூர்ந்து நோக்கினால், கண்டத்தின் வரைபடத்துக்குக் கீழே கடுகளவாகச் சில தீவுகள் அச்சாகியிருப்பதைக் காணலாம். நோட்டு எண்ணியே காலம் கழித்த வங்கிக்காரனுக்கு இப்படிப்பட்டவை கண்ணில் படாமல் போகா. அவற்றுள் ஒன்று குவாதலூப். பாரிஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கும் மேலாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து சென்றால்தான் இந்தக் கரீபியன் தீவை அடையலாம். ஆயினும் அது பிரான்சின் ஒரு மாவட்டம். 1946 முதல் அப்படித்தான்.

பாரிஸில் பணிபுரியும் மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. எனவே அறுபதைக் கடந்த நிலையில் தன்னந்தனியாகவே புறப்பட்டேன். அங்கே மாரியம்மன் எழுந்தருளியிருக்கிறாள் என்ற ஒரு செய்திதான் என்னை இழுத்துச் சென்றது.

தீவின் பெரிய துறைமுக நகரம் புவாந்த்-ஆ-பீத்ர். காலை ஏழு மணிக்கே வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் போல் காய்கிறது. 1843-ஆம் ஆண்டு நிலநடுக்கம் இந்நகரைத் தரைமட்டமாக்கிவிட்டது. இன்று காண்பது அதன்பின் எழுந்த ஊர். இரும்புச் சட்டங்களால் தாங்கப்பட்ட தேவாலயத்தையும், நோபல் பரிசு பெற்ற சான்-ஜான் பெர்ஸ் என்னும் கவிஞரின் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தையும் வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு, வெற்றிச் சதுக்கம் எனப்படும் திடலைக் கடந்து படகுத்துறைக்கு நடந்தேன்.

அந்தத் துறையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்றேன். 1848-இல் பிரெஞ்சு அரசு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்டு, தலைமுறை தலைமுறையாகச் சாட்டையடிபட்ட மக்கள் விடுதலை பெற்றதும், அதே கரும்புத் தோட்டங்களில் அதே முதலாளிகளிடம் அற்பக் கூலிக்கு உழைக்கப் பலர் விரும்பவில்லை. தோட்டக்காரர்களின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. 1854 டிசம்பர் 24-ஆம் நாள் 'ஒரேலி' என்னும் பாய்மரக் கப்பல் இத்துறையில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஏற்றப்பட்டவர்கள். அதன்பின் 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தனர். பிற்காலத்தில் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆட்களை அனுப்பினார்கள். நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டவர் பலர். ஊர் திரும்பியவர் சிறு பகுதியினரே.

வங்கியில் ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். படிக்கத் தெரியாதவனிடம், அவன் அறியாத மொழியில் எழுதிய பத்திரத்தில் பெருவிரல் ரேகை வாங்குவது எத்தகைய செயல் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

நகரில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் அடிமை வரலாற்றைச் சொல்லும் பெரிய நினைவகம் ஒன்றை 2015-இல் திறந்திருக்கிறார்கள். நம்மவர் பட்டது துன்பமே எனினும், அவர்களுக்கு முன் அதே மண்ணில் விலைக்கு விற்கப்பட்ட ஆப்பிரிக்கர் பட்டதோடு ஒப்பிடக் கூசுகிறது. அந்நினைவகத்தைக் காணாமல் கோயிலுக்கு மட்டும் போவது முறையாகாது என்று எனக்குத் தோன்றிற்று.

நடுவே சந்தை. தலையில் கட்டம் போட்ட 'மத்ராஸ்' துணியைக் கட்டிய பெண்மணிகள் பட்டை, சாதிக்காய், வனிலா, மஞ்சள் இவற்றைக் குவித்து வைத்து விற்கிறார்கள். அந்தத் துணி ஒரு காலத்தில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றது. இன்று அதுவே இத்தீவின் மரபுடை. ஒரு பொடியைக் காட்டி என்னவென்று கேட்டேன். 'கொலொம்போ' என்றார் அம்மையார். முகர்ந்து பார்த்தேன்: கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு, மஞ்சள். 'குழம்பு' என்ற சொல்லே இங்கே 'கொலொம்போ' ஆயிற்று என்கிறார்கள். ஆட்டிறைச்சியில் செய்வதே வழக்கமாம். அடியேன் சைவ உணவினன் என்று சைகையாலும் அரைகுறைச் சொற்களாலும் புரிய வைத்து, பூசணிக்காய்க் கொலொம்போவும் சோறும் பெற்று உண்டேன். உப்பு சற்றுக் கூடுதல், மற்றபடி குறையில்லை.

உண்டபின் பேருந்தேறினேன். தீவு வண்ணத்துப்பூச்சியின் வடிவினது. இரு சிறகுகளுக்கும் நடுவே உப்பாறு என்னும் குறுகிய கடற்கால் ஓடுகிறது. பாலத்தைக் கடந்ததும் மலையும் வாழைத் தோட்டங்களும் தொடங்குகின்றன. கொலம்பஸ் 1493-இல் கரையிறங்கிய சாந்த்-மாரி என்னும் ஊரைத் தாண்டி, காப்ஸ்தேர் ஊருக்கு முன்னர், ஷான்ஜி என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே கோபுரம் தெரிகிறது. பல வண்ணச் சுதைச் சிற்பங்களோடு நிற்கும் அதனைக் கண்டதும் கை தானே குவிந்தது.

இங்கே அவளுக்கு 'மாலியெமென்' என்று பெயர். மதுரைவீரனும் உடன் வணங்கப்படுகிறான். நாகூர் ஆண்டவரைக் கூட இவர்கள் 'நாகூர் மீரா' என்று கொடிமரம் நட்டு வணங்குவதுண்டு. கடல் கடந்தபோது காத்தவர் என்ற நன்றி. பூசை செய்பவர் 'பூசாரி'தான். பாட்டு ஓதுபவர் 'வாத்தியாலு'. பறை 'தப்பு', மத்தளம் 'மத்தாலொம்'. பலர் ஞாயிறன்று தேவாலயத்துக்கும் செல்வர், நோய் தீர்ந்தால் அம்மனுக்கும் நேர்த்திக்கடன் செலுத்துவர். பெருவிழாக்களில் கிடாவெட்டும் உண்டு. வாசகர்களில் சிலருக்கு இது மனத்துக்கு ஒவ்வாது, எனக்கும்தான். ஆனால் நம் பாட்டனார் காலத்தில் நம் கிராமத்து எல்லையம்மனுக்கு என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அவர்களைக் குறைகூற நாவெழாது.

நான் தரிசித்து வெளியே வந்தபோது, வேறோர் ஊரில் பூசை செய்துவரும் பெரியவர் ஒருவர் பேத்தியுடன் வந்திருந்தார். எண்பது வயதிருக்கும். நான் இந்தியாவிலிருந்து வந்தவன், தமிழன் என்று அறிந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அவருடைய தந்தையார் கைப்பட எழுதியது. பிரெஞ்சு எழுத்தில், செவிவழி வந்த தமிழ்ப் பாட்டு. பேத்தி ஆங்கிலம் அறிந்தவள். "முசியே, தாத்தா அறுபது ஆண்டுகளாக இதை ஓதுகிறார். பொருள் தெரியாது. கேட்டுச் சொல்வீர்களா?" என்றாள்.

அவர் கண்ணை மூடி ஓதினார். பத்து வரிகளில் மூன்று எனக்கு விளங்கின. 'தாயே' என்பது தெளிவாக இருந்தது. வேப்பிலை 'வெப்பெலே' ஆகியிருந்தது. முத்து என்பது அம்மையைக் குறித்தது என்று நான் சொன்னபோது, கடல்முத்து என்றே எண்ணியிருந்ததாகப் பேத்தி வியந்தாள். மற்ற இடங்களில் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் எல்லாம் ஒன்றாய் உருகிப் போயிருந்தன.

விளங்கிய சொற்களின் பொருளை அவள் பென்சிலால் ஓரத்தில் பிரெஞ்சில் குறித்துக்கொண்டாள். சரியான உச்சரிப்பையும் சொல்லித் தந்தேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை அசைத்து மறுத்தார். பொருள் தெரிந்ததில் மகிழ்ச்சி. ஆனால் ஓதுவதை மாற்றமாட்டாராம். "என் தந்தை இந்தக் குரலில்தான் அவளை அழைத்தார். அவள் வந்தாள்" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. நம் பக்கத்திலிருந்து செல்பவர்களில் சிலர், இவர்களுடைய வழிபாடு ஆகமத்துக்குப் பொருந்தாது என்று திருத்த முனைவதுண்டு. எழுத்தும் மொழியும் பறிபோய், மதம் மாற்றப்பட்டு, ஊருக்குக் கடிதம் போடவும் வழியற்ற நிலையில் தெய்வத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டவர்களுக்கு, விமானத்தில் வந்திறங்கிய நான் என்ன கற்பிப்பது? குடியுரிமையே இவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. இதே காப்ஸ்தேரில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை வேண்டி 1904-இல் தொடங்கிய வழக்கு 1923-இல்தான் வெற்றி பெற்றது.

பெரியவரின் கவலை வேறு. மகன்கள் இருவரும் பிரான்சில் வேலையில் இருக்கிறார்கள். இருவருக்கும் பாட்டு வராது. நோட்டு யாரிடம் போகும் என்று கேட்டபோது அவர் பேத்தியைப் பார்க்கவில்லை, நெடுஞ்சாலையைப் பார்த்தார். அவளோ தன் கைப்பேசியில் தாத்தாவின் ஓதலை ஒருமுறை பதிவு செய்தாள்; பிறகு விளங்கிய வரிகளை என்னையும் நம் உச்சரிப்பில் சொல்லச் சொல்லித் தனியே பதிவு செய்துகொண்டாள். தமிழ் அரிச்சுவடி கிடைக்குமா என்று கேட்டாள். ஊர் வந்ததும் இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

செல்ல விரும்பும் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரிஸுக்குப் பெற்ற விசா மட்டும் இத்தீவுக்குப் போதாது. கடல்கடந்த மாவட்டங்களுக்கும் செல்லும் என்று குறித்ததாக இருத்தல் வேண்டும். மாலையில் பேருந்துகள் குறைந்துவிடுகின்றன. நான் அரைமணி நேரம் சாலையோரத்தில் காத்து நின்றேன். பெரியவர் தந்த வேப்பிலைக் கொத்து கையில் இருந்தது.