ஒரு கிலோவில் ஐந்து மணி கோதுமை

தோழியின் மகனுக்குச் செலியாக் நோய் என்று சென்ற ஆண்டு கண்டுபிடித்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கத் தொடங்கிவிடும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடும். இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க அந்தத் தானியங்களை விலக்கி வைப்பதுதான் வைத்தியம். “நாமதான் சோறு திங்கற ஆளுங்களாச்சே, சப்பாத்தி, பிஸ்கட்டை நிறுத்தினா முடிஞ்சது” என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நிறுத்தியும் பையனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

காரணத்தைச் சொன்னவர் கோவை கணபதியில் ஒரு வாடகை வீட்டு அடுப்படியிலிருந்து பேசிய ஓர் அம்மா. அவருடைய யூடியூப் காணொளி ஒன்று முழுக்க முழுக்கப் பெருங்காயத்தைப் பற்றியது. கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் தாங்க முடியாத நெடி கொண்டது என்பதால் மாவும் கோந்தும் கலந்துதான் விற்கிறார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு மைதா. சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் பையன் தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

தோழியே பேசி, என்னை அவரிடம் அனுப்பிவைத்தாள். சேனலில் அவர் முகம் தெரியாது. இரண்டு கைகளும் குரலும்தான். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதால் பெயர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நோயைச் சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகிற ஊரில் அந்தக் கவலை நியாயமானது.

அந்தப் பெண்ணிடமிருந்துதான் எல்லாம் தொடங்கியது. எட்டு வயதிலும் ஐந்து வயதுக் குழந்தையின் உயரம். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள், தாய் சரியாக ஊட்டுவதில்லை என்று திட்டினார்கள். “கோதுமைக் கஞ்சி குடுத்தாத் தேறும்னாங்க. ரெண்டு வருசம் தினமும் ஊட்டுனேனுங்கக்கா. இந்தக் கையாலயே.” இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. கையை மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு இளம் மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, எண்டோஸ்கோப்பியில் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்து உறுதிசெய்தார்.

தென்னாட்டு மருத்துவர்களுக்கு இந்த நோய் சட்டென்று நினைவுக்கு வராததற்குக் காரணம் உண்டு. பி.எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா முதலிய மருத்துவர்கள் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயைக் காட்டும் எதிர்பொருள் வடக்கே நூறு பேரில் 1.23 பேரின் ரத்தத்தில் இருந்தது, தெற்கே 0.10 பேரின் ரத்தத்தில்தான். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுவோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வேறுபட்டது சாப்பாடு. வடக்கே ஒருவர் நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். சோறு நம்மைக் காத்து வந்திருக்கிறது. ஆனால், ஆயிரத்தில் ஒருவராக இருப்பவரின் பாடு யாருக்கும் தெரியாமல் போவதும் அதனால்தான்.

வீட்டின் பின்பக்கம், தகரக் கொட்டகையில் ஒரு பல்வரைசர் இருக்கிறது. இரண்டு குதிரைத்திறன் மோட்டார், மேலே தானியம் கொட்டும் வாய், வயிற்றுக்குள் சுழலும் சுத்தியல்கள், அடியில் சல்லடை, மாவு வந்து விழும் இடத்தில் நீண்ட துணிப்பை. நான் போனதிலிருந்து பேச்சு இந்த மெஷினையே சுற்றிக்கொண்டிருந்தது. சமையலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

முன்பெல்லாம் தெரு மாவு மில்லில்தான் அரைத்திருக்கிறார். மில்லில் மிளகாய்க்குத் தனி மெஷின் இருக்கும், சீயக்காய்க்குத் தனி இருக்கும். கோதுமைக்கும் அரிசிக்கும் ஒன்றுதான். யாருக்கும் அது குறையாகத் தோன்றாது. இவர் காலையில் முதல் ஆளாகப் போவார். கூடவே இரண்டு கிலோ ரேஷன் அரிசி கொண்டுபோய் அதை முதலில் ஓடவிட்டு, அந்த மாவை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தன் அரிசியைப் போடுவார். மில்காரர் நல்ல மனிதர். முகம் சுளிக்காமல் காத்திருப்பாராம். அப்படியும் பெண்ணுக்கு வாரம் ஒருமுறை வயிறு கெட்டது. வித்தை தெரிந்த கணவர்தான் கண்டுபிடித்தார். அவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்காரரிடம் கேட்டு மெஷினைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். சுத்தியல்களின் இடுக்கிலும் சல்லடைச் சட்டத்தின் விளிம்பிலும் பழைய மாவு காரை போல இறுகியிருந்தது. துணிப்பையின் உட்புறத்திலோ ஆண்டுக்கணக்கில் படிந்த மாவு. காற்று வெளியேறத்தான் அந்தப் பை துணியால் இருக்கிறது. ஒவ்வொரு அரைப்பிலும் அது உதறிக்கொள்ளும். உதறும்போது பழையது புதியதில் விழும்.

பிறகு ஒரு பழைய மெஷினை வாங்கி, தண்டு வரை பிரித்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சல்லடையையும் பையையும் புதிதாக மாட்டினார்கள். இதுவரை அதில் ஒரு மணி கோதுமை விழுந்ததில்லை. அந்தக் கொட்டகையின் நிலைப்படியில் செருப்பைக் கழற்றுவதோடு கையையும் கழுவ வேண்டும். நான் வழியில் பன் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உலக அளவுகோலும் அதுதான். இந்த எண்ணை அந்த அம்மா காணொளியில் விளக்கும் விதத்துக்காகவே அவரை ஆசிரியர் என்பேன். ஒரு கோதுமை மணியின் எடை சுமார் 40 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குளூட்டன். ஆக, ஒரு கிலோ மாவில் ஐந்தாறு கோதுமை மணி அரைபட்டிருந்தாலே எல்லை தொட்டாயிற்று.

இதைச் சொல்லிக்கொண்டே ஒரு தாம்பாளத்தில் கம்பைக் கொட்டிப் பரப்பினார். சந்தையில் வாங்கியது. சாக்கு, தராசு, லாரி என எல்லாமே கோதுமைக்கும் பொது என்பதால் கலப்பு இருந்தே தீரும். கம்பு சாம்பல் பச்சை. கோதுமை நீண்டு, நடுவில் ஒரு கோடு ஓடும். கண்ணுக்குப் பழகியவருக்கு எளிதில் சிக்கிவிடுகிறது. ஆள்காட்டி விரலால் கம்பை வரிவரியாக ஒதுக்கி, அரைக் கிலோ முடிவதற்குள் நான்கு மணிகளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். இரண்டு முழுதாக இருந்தன, இரண்டு உடைந்தவை. “உடைஞ்சதுதானுங்க எமன். முழுசு கண்ணுல பட்டுரும்.” தினை, சாமை என்றால் சல்லடையிலேயே பிரிந்துவிடும். கம்பையும் சோளத்தையும் கையால் பொறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பொறுக்கிய பின் கழுவி, வெயிலில் காயவைத்து, அதன் பிறகே மெஷின்.

படம்பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, தலைப்பு வைப்பதெல்லாம் இப்போது கல்லூரியில் படிக்கும் மகளின் வேலை. அதை உட்கார்ந்து பார்த்தேன். இங்கே எழுதும்படி ஒன்றும் இல்லை. மைதா இல்லாத பரோட்டாவுக்கு இசப்கோல் உமியை எந்தச் சூட்டுத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்ற பாடத்தையும் விட்டுவிடுகிறேன், அதற்கு அவர் காணொளியே இருக்கிறது. சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஒரு குறிப்பை அவர் நான்கைந்து தடவை செய்து, மகள் சாப்பிட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே வெளியிடுகிறார். ஆகவே மாதம் மூன்று காணொளிக்கு மேல் வருவதில்லை.

இந்த உழைப்புக்குக் கிடைப்பது என்ன? விளம்பர வருவாயில் 55 சதவீதத்தை யூடியூப் படைப்பாளிக்குத் தருகிறது. நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும்; சேராத மாதம் பாக்கி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். இவருக்குப் பல மாதங்கள் தள்ளித்தான் போகின்றன. பார்வை எண்ணிக்கைதான் கூலி என்றால், ஆயிரத்தில் ஒருவருக்காக உழைக்கிறவருக்குக் கூலி எப்படிக் கட்டும்? ஆயிரம் பேரும் பார்க்க வேண்டுமானால், ‘கோதுமையை விட்டால் பத்து நாளில் தொப்பை கரையும்’ என்று பொய் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிற சேனல்கள் இவருடைய குறிப்புகளை எடுத்து, அதே கூட்டுப் பெருங்காயத்தைத் தாளித்துக் கொட்டி, குளூட்டன் இல்லாத சமையல் என்று லட்சக்கணக்கில் பார்வை வாங்குகின்றன. அதை நம்பிச் சமைக்கும் தாய் மறுபடி டானிக் பாட்டிலோடு அலைய வேண்டியதுதான்.

இடையில் ஏஜென்சிக்காரர்கள் வேறு. ஒரு மாவு நிறுவனத்துக்காக ஒரு ஏஜென்சி இவரிடம் வந்தது. பணம் கிடையாது, பார்ட்டர் கொலாப். பத்துப் பொட்டலம் மாவு அனுப்புவார்கள், இவர் ‘செலியாக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது’ என்று பேச வேண்டும். அந்தப் பொட்டலத்தின் பின்பக்கமே, கோதுமையும் கையாளும் ஆலையில் தயாரானது என்று பொடி எழுத்தில் இருந்தது. பரிசோதனை அறிக்கை கேட்டார். பதில் இல்லை. வேறு ஒரு ஏஜென்சி பணம் தருவதாகச் சொல்லி, அதில் பாதியைத் தானே எடுத்துக்கொள்வதாகவும், விளம்பரம் என்று திரையில் போடக் கூடாது என்றும் நிபந்தனை வைத்தது. இலவசப் பொருள் வாங்கினாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விளம்பரத் தர மன்றம் 2021-இல் வகுத்த நெறி. இரண்டையும் மறுத்துவிட்டார். மாதம் பத்தாயிரம் வாடகை கொடுக்கும் வீட்டில் அது சின்ன மறுப்பா? சாதாரண மாவைப்போல் மூன்று மடங்கு விலைக்கு மாவு விற்கும் நிறுவனம், அந்த மாவை நம்பலாம் என்று சொல்லும் நாவை மட்டும் ஓசியில் கேட்கிறது. நெசவாளியிடமும் குயவரிடமும் தரகர்கள் காலம் காலமாகச் செய்ததை இப்போது வாட்ஸ்அப்பில் செய்கிறார்கள். இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வாழவைப்பது உறுப்பினர் கட்டணம்தான். மாதம் 59 ரூபாய். யூடியூப் தன் பங்கை எடுத்தது போக 70 சதவீதம் இவருக்கு. முந்நூறு சொச்சம் பேர் கட்டுகிறார்கள், பெரும்பாலும் தாய்மார்கள். அந்தப் பணத்தில் முதல் செலவு ஆய்வகம். ஒரு மாதிரியைச் சோதிக்கச் சில ஆயிரம் ஆகும். கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமல் அனுப்பி, முடிவை அப்படியே எல்லோருக்கும் பொதுவில் காட்டிவிடுகிறார். கட்டணம் கட்டாதவர்களும் பார்க்கலாம். உப்புமாவிலும் தோசையிலும் பயந்து பயந்து வாழும் குடும்பங்களுக்கு அந்த ஒரு தாள் எவ்வளவு பெரியது என்று தோழியின் வீட்டில் பார்த்திருக்கிறேன். அவளும் கட்டுகிறாள், நானும் சேர்ந்துவிட்டேன். இந்த வேலைக்கு உகந்த கூலி இந்த வழியில்தான் வர முடியும். அது, தேவைப்படுகிறவர்களும் அவர்களின் சுற்றத்தாரும் கொடுப்பது.

இரண்டாம் சனிக்கிழமைகளில் உறுப்பினர்கள் தானியம் கொண்டுவந்து அவர் மெஷினில் அரைத்துக்கொள்ளலாம். நான் இருந்தபோது பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பச்சரிசியும் சோளமும் எடுத்துக்கொண்டு வந்தார். அரிசி உடனே மெஷினுக்குப் போனது. சோளத்தை அம்மா கையில் அள்ளிப் பார்த்தார். “இதை இப்படியே உள்ள உட முடியாதுங்க. உக்காருங்க, ரெண்டு பேருமாப் பொறுக்கிரலாம்.”

பொறுக்கும்போது பேச்சு பள்ளிக்கூடத்துக்குப் போனது. அந்தப் பெண்ணின் மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும்தான் அதிகம்; ரவை, சேமியா, கோதுமை ரவை. எத்தனையோ பிள்ளைகளின் பசியாற்றும் திட்டம், இந்தப் பையனுக்கு மட்டும் ஆகாது. சேனலில் தலைமை ஆசிரியருக்கு எழுதும் மாதிரிக் கடிதம் ஒன்று இருக்கிறது. நோயைப் பற்றி நான்கு வரி, ஆகாத பொருள்களின் பட்டியல், தனிக் கரண்டி, தனிப் பாத்திரம். அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் ஐந்நூறு பேர்கூட இல்லை.

“குடுத்தீங்களா?” என்றார் அம்மா.

“குடுத்தனுங்கக்கா. டீச்சர் படிச்சுப் பாத்துட்டு, சமைக்கற அக்காவக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அரிசி உப்புமாப் போடற அன்னிக்குத் தனியா எடுத்து வெக்கறாங்க. சேமியான்னா வீட்டுலயே குடுத்துடறேன்.”

“கரண்டி?”

“கரண்டி ஒண்ணுதானுங்க.”

அம்மா சோளத்திலிருந்து கையை எடுத்தார். மகளைக் கூப்பிட்டு, கடிதத்தில் கரண்டி வரியை மேலே கொண்டுவந்து தடித்த எழுத்தில் போடச் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணிடம், புதுக் கரண்டியும் மூடி போட்ட ஒரு டப்பாவும் வாங்கி, மேலே பையன் பெயரைப் பெயின்ட்டால் எழுதி, திங்கட்கிழமை சமையல்கார அக்காவிடம் நேரிலேயே கொடுத்துவிட்டு வரும்படி சொன்னார்.