கணக்குத் தெரிந்த படிக்கட்டு

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று எங்கள் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் பிளான் கீறுகிறவனுக்கு அதிகம் வேலை வைப்பது படிக்கட்டுதான். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் ஒடுங்கிய நிலம். வயலை நிரப்புவதென்றால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்த பிறகு கடலோரத்துக் குடும்பங்கள் பல உள்ளே தள்ளி வந்துவிட்டன. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்கிற வழக்கத்தால் வளவுகளும் தலைமுறைக்குத் தலைமுறை பிரிகின்றன. 20 அடி அகலம், 80 அடி நீளம், 6 பேர்ச்சஸுக்குச் சற்றுக் குறைவான துண்டு. அதில் மூத்தவளுக்குக் கீழ்வீடு, பிறகு இளையவளுக்கு மேல்வீடு. மேல்வீடு எந்த வருடம் எழும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் படி எங்கே ஏறி எங்கே முடியும் என்பது அத்திவாரம் வெட்டும்போதே தெரிந்தாக வேண்டும்.

அந்தப் படியை வீட்டுக்கு வீடு கோடுகோடாகக் கீறி அலுத்துத்தான் ஸ்கிரிப்ட் எழுதப் பழகினேன். எங்கள் தொழிலில் பலருக்கும் இதற்கு முதல் வாசல் ஓட்டோலிஸ்ப். ஓட்டோகேட் 1982இல் வெளிவந்தது. ஓட்டோலிஸ்ப் அதற்குள் 1986இல் சேர்ந்தது. ஜோன் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப் மொழியின் வாரிசு என்பதால் எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அதில் ஒரு கட்டளை எழுதிவிட்டால் போதும்: உயரம் கேட்கும், அகலம் கேட்கும், படியைக் கீறிவிடும். கீறி முடித்ததும் மறந்தும் விடும். திரையில் மிஞ்சுவது வெறும் கோடுகள். அவை சேர்ந்து ஒரு படி என்பது கீறியவனுக்கு மட்டுமே தெரியும். வீட்டுக்காரர் வந்து, "சிலாப்பை இன்னும் அரை அடி உசத்துவமா?" என்று கேட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

படியைத் தன் அளவுகளை நினைவில் வைத்திருக்கிற ஒரு பொருளாக எழுதுவது இதிலிருந்து வேறான வேலை. மூலப்படத்தை மாற்றினால் அதன் பிரதிகளெல்லாம் மாறுகிற ஏற்பாட்டை ஐவன் சதர்லண்ட் 1963இலேயே தன் ஸ்கெட்ச்பேட்டில் செய்து காட்டிவிட்டார். இத்தகைய பொருளை வெக்டர்வேர்க்ஸ்காரர்கள் பிளக்-இன் பொருள் என்கிறார்கள்; ஆர்க்கிகேட்டில் அதற்கென்றே ஜிடிஎல் என்ற மொழி இருக்கிறது. நான் எழுதுவது பிரீகேட்டில், பைத்தன் மொழியில். லைசன்ஸுக்குக் காசு இல்லை என்பதே அங்கே போனதற்கு முதற் காரணம். படிக்கு உயரம், அகலம் போன்ற பண்புகளைக் கொடுத்து, எக்ஸிகியூட் என்ற பெயரில் ஒரு பகுதி எழுதுகிறோம். ஒரு பண்பு மாறிப் படம் மறுகணக்குக்குப் போகும்போது மென்பொருள் அந்தப் பகுதியைக் கூப்பிடும். அது படியை அடியிலிருந்து திரும்பக் கட்டும்.

பைத்தனைப் படிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. எதைக் கேட்பது, எதைப் பொருளே கணக்கிட்டுக்கொள்ள விடுவது என்று தீர்மானிப்பதில்தான் கஷ்டம். மாடி உயரம், ரைசர் (ஒவ்வொரு படியின் எழுச்சி) உயரம், ரைசர்களின் எண்ணிக்கை மூன்றையும் மாற்றலாம் என்று திறந்துவிட்டால் ஒன்று மற்றதை மாற்றும், அது முதலாவதை மாற்றும், ஸ்கிரிப்ட் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அதிகாரம் ஒன்றிடம் இருக்க வேண்டும். என் பொருள் மாடி உயரத்தையும் ரைசர் தாண்டக்கூடாத அளவையும் மட்டும் கேட்கும். மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியும், கைவைக்க முடியாது. 10 அடி 5 அங்குல உயரம், ரைசர் 7 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்றால் 18 ரைசர், 17 ட்ரெட் (கால் வைக்கிற தட்டு). ட்ரெட் 10 அங்குலம் என்றால் நேர்ப்படிக்கு 14 அடி 2 அங்குலம் நீளம் வேண்டும். இரண்டு ரைசரும் ஒரு ட்ரெட்டும் சேர்ந்து 24 அங்குலம் என்ற கணக்கு 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா புளொண்டெலுடையது. அவருடைய அங்குலம் நம்முடையதைவிடச் சற்று நீளம் என்பதால் இந்த எண்ணை நான் கட்டளையாக வைக்கவில்லை. ஒரு நினைவூட்டலாக ஓரத்தில் காட்டச் செய்தேன்.

125 அங்குலத்தை 18ஆல் வகுத்தால் 6.944. மென்பொருளுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை, அது உள்ளே எல்லாவற்றையும் மில்லிமீற்றரில்தான் வைத்திருக்கிறது. சங்கடம் டேப் பிடிக்கிற மேசனுக்கு. அவர் அரைக்கால் அங்குலம் வரைதான் குறிப்பார். ஒவ்வொரு ரைசரையும் 7 என்று வைத்தால் மேலே ஓர் அங்குலம் மிஞ்சும். ஆறே முக்காலே அரைக்கால் என்று வைத்தால் ஒன்றேகால் அங்குலம் குறையும். அனுபவமுள்ள மேசன் ரைசர் ரைசராக அளப்பதே இல்லை. சுவரில் ஒரே புள்ளியிலிருந்து டேப்பை நீட்டி எல்லா மட்டங்களையும் குறித்துவிடுவார். என் பொருளும் அப்படியே எழுதுகிறது: ஒவ்வொரு படிக்கும் தரையிலிருந்து மொத்த உயரம், அரைக்கால் அங்குலத்துக்குத் திருத்தி. எந்தக் குறியிலும் பிழை அதன் பாதியைத் தாண்டாது. சேர்ந்து வளரவும் வளராது.

இன்னொரு பண்பு வேலைத்தலத்தில் கிடைத்தது. ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் ஒரு மூத்த மேசனிடம், "காக்கா, படிக்கு என்னென்ன அளவு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "கீழ மாபிள் பதிக்கிறாங்களா தம்பி? படிக்கும் பதிக்கிறாங்களா?" தரைக்கு 2 அங்குல முடிப்பு ஏறிப் படிக்கு ஓர் அங்குலம்தான் ஏறினால், சமமாக வார்த்த படிகளில் முதலாவது ஓர் அங்குலம் தாழும். மேல்தரைக்கும் 2 அங்குலம் ஏறும்போது கடைசிப்படி ஓர் அங்குலம் உயரும். கால் தடுக்குவது அந்த இரண்டிலும்தான். ஆகவே கீழ்த்தரை, படி, மேல்தரை மூன்றுக்கும் தனித்தனி முடிப்புத் தடிப்பு என் பொருளில் உண்டு. பலகை அடிக்கிற அளவு வேறு, மாபிள் பதித்த பிறகு வருகிற அளவு வேறு. இரண்டையும் எழுதிக் கொடுக்கும்.

இடம் போதாவிட்டால் பொருள் என்ன செய்ய வேண்டும்? ட்ரெட்டைச் சுருக்கி உள்ளே திணிக்கலாம்; ஸ்கிரிப்டில் அது ஒரு வரி வேலை. அப்படிச் செய்தால் பிளான் அழகாகத்தான் இருக்கும், வயதான உம்மாதான் இறங்கும்போது சுவரைப் பிடிப்பார். என் பொருள் படியைச் சுருக்காது. எல்லையைத் தாண்டியே கீறி, எத்தனை அங்குலம் போதாது என்று சிவப்பில் எழுதும். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு நடுவில் லேண்டிங் வைத்துத் திருப்புவதா, அறையைக் குறைப்பதா என்று பேசத் தொடங்குவார்.

கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் இடையில் வருடங்கள் ஓடுவதால் பழைய கோப்பும் ஒரு பிரச்சினை. நேற்றுச் சேர்த்த பண்பு பழைய கோப்பிலுள்ள படியில் இருக்காது. கோப்பு திறக்கும்போதே இல்லாததைத் தேடிச் சேர்க்கும் பகுதியையும் எழுத வேண்டும். ஸ்கிரிப்ட் இல்லாத கணினியில் திறந்தால் கடைசியாகக் கட்டிய வடிவம் கோப்பில் அப்படியே இருக்கும், ஆனால் எண்ணை மாற்றினால் அசையாது. அதற்காகவே மாடி உயரம், ரைசர் எண்ணிக்கை, முடிப்புத் தடிப்பு, மட்டங்கள் எல்லாம் அச்சிடும் தாளில் சாதாரண எழுத்தாகவும் இறங்கும்படி செய்திருக்கிறேன்.

ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறியியல் பீடமும் இருக்கிறது. பைத்தன் தெரிந்த பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இப்போது குறைவில்லை. ஸ்கிரிப்டைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன், கூடவே ஒரு தாளும் கொடுக்கிறேன். ஒவ்வொரு பண்புக்கும் எதிரே அந்த எண்ணை யாரிடம் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கும்: மாடி உயரம் வீட்டுக்காரரிடம், முடிப்புத் தடிப்பு மேசனிடம், எல்லை நில அளவைப் படத்தில். கதவுக்கும் ஜன்னலுக்கும் அப்படி ஒரு தாள் இன்னும் இல்லை. ஓடாவியாரிடம் போய் அதைக் கேட்டு எழுதி வருகிறவருக்கு, மிச்ச ஸ்கிரிப்டை எழுத நான் உதவுவேன்.